சிறு விமானத்தில் எரிபொருள் ஏன் தீர்ந்துபோகிறது? அடிப்படையிலிருந்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்.டி.எஸ்.பி., 2011 முதல் 2015 வரையிலான சிறு விமான விபத்துகளை ஆராய்ந்து 2017இல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. அதன்படி, எரிபொருளைச் சரியாகக் கையாளாததால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. அவற்றில் 95 சதவீதத்தில் விமானியின் முடிவோ கவனக்குறைவோ பங்கு வகித்தது. கருவிக் கோளாறுக்கு மீதி 5 சதவீதம்தான். அந்த விமானிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வணிக விமானி உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள். பயிற்சி மாணவர்கள் சுமார் 2 சதவீதமே. பெரும்பாலான விபத்துகள் தெளிவான வானிலையில், பட்டப்பகலில் நடந்தவை.

அனுபவம் உள்ளவர்கள், நல்ல வெளிச்சத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினோடு எப்படி இந்த நிலைக்கு வருகிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, விமானத்தில் எரிபொருளே இல்லாமல் தீர்ந்துபோவது. மேற்சொன்ன விபத்துகளில் 56 சதவீதம் இந்த வகை. மற்றொன்று, ஏதோ ஒரு டேங்கில் எரிபொருள் இருந்தும் அது இன்ஜினுக்குப் போய்ச் சேராமல் இருப்பது. இது 35 சதவீதம். முதல் வகை பெரும்பாலும் தரையில், கணக்குப் போடும்போதே தொடங்கிவிடுகிறது. இரண்டாவது வகை காக்பிட்டில், ஒரு திருகியைத் திருப்பும் இடத்தில் நடக்கிறது.

எரிபொருள் எங்கே இருக்கிறது, எப்படி இன்ஜினுக்கு வருகிறது

உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். இதன் இறக்கைகள் விமானியின் தலைக்கு மேலே இருக்கின்றன. ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு டேங்க். எரிபொருள் மேலிருந்து கீழாகத் தானாகவே இறங்கிவரும். 172என் மாடலில் இரண்டு டேங்கும் சேர்த்து 43 அமெரிக்க கேலன் பிடிக்கும். அதில் 40 கேலன், அதாவது சுமார் 151 லிட்டர்தான் பறப்பதற்குப் பயன்படும். மீதி 3 கேலன் டேங்கின் அடியில் தங்கிவிடும், அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. எந்த விமானத்தின் கையேட்டைத் திறந்தாலும் மொத்தக் கொள்ளளவு, பயன்படுத்தத்தக்க கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். கணக்குக்கு எப்போதும் இரண்டாவது எண்.

இருக்கைகளுக்கு நடுவே தரையில் ஃபியூவல் செலக்டர் என்ற திருகி இருக்கிறது. இடது, வலது, இரண்டும், மூடு என்று நான்கு நிலைகள். செஸ்னா 172இல் பெரும்பாலும் 'இரண்டும்' நிலையிலேயே வைத்துப் பறப்பார்கள். பைப்பர் சிரோக்கி போன்ற தாழ்ந்த இறக்கை விமானங்களில் 'இரண்டும்' என்ற நிலையே கிடையாது. டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருப்பதால் பம்ப் வைத்து இழுக்க வேண்டும், அதனால் ஒரு நேரத்தில் ஒரு டேங்க்தான். விமானிதான் நினைவு வைத்து மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

கேஜை ஏன் நம்பி உட்காரக் கூடாது

டேங்குக்குள் ஒரு மிதவை, அதோடு இணைந்த ஒரு கம்பி, மின்தடை மாறுவதற்கேற்ப அசையும் முள். பழைய சிறு விமானங்களின் ஃபியூவல் கேஜ் இவ்வளவுதான். டேங்க் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால், விமானம் சற்றுச் சாய்ந்தாலோ மூக்கு தூக்கினாலோ எரிபொருள் ஒரு பக்கம் ஓடி முள் ஆடும். மிதவை சிக்கிக்கொண்டால் அரை டேங்க் என்று காட்டியபடியே நிற்கும். அமெரிக்கச் சான்றிதழ் விதிப்படி, முள் பூஜ்யத்தைத் தொடும்போது பயன்படுத்தத்தக்க எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் முள் கீழே படுத்த பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்ற தெம்பு நமக்குப் பழகிப்போன ஒன்று. விமானத்தில் அந்த மிச்சம் கிடையாது.

முள்ளை அலட்சியம் செய்ய வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கணக்குப்படி அரை டேங்க் இருக்க வேண்டிய நேரத்தில் முள் கால்வாசி காட்டினால், முள் சொல்வதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு இறங்கிப் பார்க்க வேண்டும். மூடியிலிருந்து கசிவு இருக்கலாம். கணக்கும் முள்ளும் முரண்படும்போது எது குறைவோ அதை எடுத்துக்கொள்வதுதான் சரி.

புறப்படும் முன் அளவைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி அளவுகோல். அந்தந்த மாடலுக்கென்றே கோடு போட்ட, இரு முனையும் திறந்த குழாய் ஒன்று விற்கிறது. இறக்கை மீதுள்ள மூடியைத் திறந்து, குழாயை டேங்கின் அடிவரை செங்குத்தாக இறக்கி, மேல் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடித் தூக்கினால் உள்ளே எரிபொருள் நிற்கும் உயரம் தெரியும். நீல நிறம் என்றால் அது 100எல்எல் ஏவ்காஸ், அதாவது சிறு விமானங்களுக்கான பெட்ரோல். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விமானம் சரிவான தரையில் நின்றால் அளவு பொய்யாகும். அதோடு, செலக்டர் 'இரண்டும்' நிலையில் இருந்தால் மேட்டுப் பக்க டேங்கிலிருந்து பள்ளத்துப் பக்கத்துக்கு எரிபொருள் ஓடிவிடும். அதனால்தான் சரிவில் நிறுத்தும்போது செலக்டரை இடது அல்லது வலது நிலையில் வைக்கச் சொல்கிறார்கள்.

'ஃபுல் பண்ணிட்டோம்' என்று யாராவது சொன்னால், அதையும் மூடியைத் திறந்து பார்த்த பிறகே ஏற்க வேண்டும். டேங்க் அகலமானது என்பதால் கழுத்துக்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றால்கூடப் பல லிட்டர் குறைந்திருக்கும். பார்த்து முடித்ததும் மூடியைத் திருகி, ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவு. மூடி சரியாக அமரவில்லை என்றாலோ அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு விட்டிருந்தாலோ எரிபொருள் உறிஞ்சப்பட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும். உயர்ந்த இறக்கை விமானத்தில் இது உள்ளே இருப்பவர் கண்ணில் படாது. இறங்கிய பிறகு இறக்கையின் பின்விளிம்பில் நீலக் கறை தெரிந்தால் அது மூடியின் வேலை.

ஒரு கணக்கு, மூன்று முடிவுகள்

எரிபொருளைப் பல விமானிகள் லிட்டரில் நினைப்பதில்லை, நிமிடங்களில் நினைக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஏன் உயிர் காக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

172என், டேங்க் நிறைய, பயன்படுவது 151 லிட்டர். போக வேண்டிய தூரம் 340 கடல் மைல். வேகம் 110 நாட், அதாவது மணிக்கு 110 கடல் மைல். மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, சரியாகக் குறைத்து வைத்தால் மணிக்குச் சுமார் 30 லிட்டர் செலவாகும். தரையில் ஓடுவது, ஏறும்போது கூடுதலாக எரிவது இரண்டுக்கும் சேர்த்து 10 லிட்டர் என்று வைப்போம்.

காற்று இல்லாத நாளில் பயணம் 3 மணி 5 நிமிடம். செலவு 103 லிட்டர். மிச்சம் 48 லிட்டர், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். நிம்மதியான பயணம்.

இப்போது 20 நாட் எதிர்க்காற்று வந்துவிட்டது. தரையைப் பொறுத்த வேகம் 90 நாட். பயணம் 3 மணி 47 நிமிடமாக நீள்கிறது. செலவு 123 லிட்டர், மிச்சம் 28 லிட்டர், சுமார் 55 நிமிடம். அமெரிக்க விதிப்படி பார்வையை நம்பிப் பறக்கும்போது பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு கையிருப்பு வேண்டும். இன்னும் சட்டப்படி சரிதான்.

அதே எதிர்க்காற்று நாளில் விமானி மிக்ஸ்சரைக் குறைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. எரிபொருளை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் இன்ஜின் தேவைக்கு மேல் குடித்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 38 லிட்டர் என்று எடுத்தால் தேவை 154 லிட்டர். இருப்பது 151. இன்ஜின் 3 மணி 43ஆவது நிமிடத்தில் நிற்கும், ரன்வேக்கு ஏறத்தாழ 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர் இருக்கும்போது.

எரிபொருள் தீர்ந்து விழும் விமானங்கள் இலக்குக்கு மிக அருகிலேயே விழுவதன் காரணம் இதில் இருக்கிறது. எந்த ஒரு தவறும் பெரியதல்ல. காற்று கொஞ்சம், மிக்ஸ்சர் கொஞ்சம், நிரப்பியதில் கொஞ்சம். மூன்றும் ஒரே பக்கம் சேரும்போது கையிருப்பு முழுவதும் கரைந்துவிடுகிறது.

மிக்ஸ்சரைக் குறைப்பது கடினமான வேலை அல்ல. சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுத்தால் ஆர்பிஎம் சற்று ஏறும், பிறகு இறங்கி இன்ஜின் முரடாக ஓடத் தொடங்கும். அங்கிருந்து சீராக ஓடும்வரை சற்று உள்ளே தள்ள வேண்டும். கையேட்டில் அச்சிட்ட செலவு எண்கள் எல்லாம் இப்படிக் குறைத்து வைத்த இன்ஜினுக்கு உரியவை. குறைக்காமல் பறந்துவிட்டு அந்த எண்ணை நம்புவது இந்த விபத்துகளில் அடிக்கடி தென்படும் சங்கதி.

எடை இன்னொரு சிக்கல். ஏவ்காஸ் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ. 151 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 109 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏறினால் 172இல் டேங்கை நிறைக்க எடை இடம் கொடுக்காது. அப்போது எரிபொருளைக் குறைத்துக்கொண்டு புறப்படுவார்கள். அது தவறில்லை, ஆனால் நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்புவதையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். 'போகப் போகப் பார்த்துக்கலாம்' என்று விட்டால், சேருமிடம் நெருங்க நெருங்க இறங்க மனம் வராது.

புறப்பட்ட பிறகு ஒவ்வொரு சோதனைப் புள்ளியிலும் மூன்றை எழுதிப் பார்ப்பது நல்லது: கடந்த நேரம், தரை வேகம், இந்த வேகத்தில் சேரும்போது மிஞ்சும் நிமிடங்கள். மூன்றாவது எண் ஒரு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால், அருகிலுள்ள விமானத் தளத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம். சட்டம் கேட்பது 30 நிமிடம்தான் என்றாலும், என் மதிப்பீட்டில் புதிய விமானிக்கு ஒரு மணி நேரம் குறைந்தபட்சம்.

எரிபொருள் இருந்தும் இன்ஜின் நிற்பது

சிரோக்கி வகை விமானத்தில் ஒரு டேங்கிலேயே பறந்து, மாற்ற மறந்து, இன்ஜின் நின்று, மற்ற டேங்க் நிறைய எரிபொருளோடு வயலில் இறங்கியவர்கள் உண்டு. இதற்குப் பல விமானிகள் கைக்கொள்ளும் எளிய வழி கடிகார முள். நிமிட முள் வலப் பாதியில் இருக்கும்போது வலது டேங்க், இடப் பாதியில் இருக்கும்போது இடது டேங்க். 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே மாற்றம் நடக்கும், இரு இறக்கையின் எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மாற்றும் முன் மின்சார பூஸ்ட் பம்பை இயக்கி, திருப்பிய பின் அழுத்தம் நிலைத்திருக்கிறதா என்று பார்த்து, பிறகே பம்பை அணைக்க வேண்டும். ஓடுதளத்தில் புறப்படும் தறுவாயில் டேங்கை மாற்றக் கூடாது. திருகி பாதியில் நின்றிருந்தால் அது தெரியவருவது மரங்களுக்கு மேலே, நூறடி உயரத்தில்.

டேங்கின் காற்றுத் துளை அடைபடுவதும் இந்த வகையில் சேரும். எரிபொருள் வெளியேறும் இடத்தைக் காற்று வந்து நிரப்ப வேண்டும். குளவி கூடு கட்டி அந்தக் குழாயை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஓட்டம் குறையும். அதேபோல டேங்கில் கால்வாசிக்கும் கீழே இருக்கும்போது விமானத்தை நீண்ட நேரம் பக்கவாட்டில் சறுக்கவிட்டால், எரிபொருள் ஒரு மூலைக்கு ஒதுங்கி வெளியேறும் துளை காற்றை உறிஞ்சத் தொடங்கும். 172எஸ் கையேட்டில் ஒரு டேங்க் வற்றியிருக்கும்போது சறுக்கலுக்கு 30 வினாடி என்று வரம்பே கொடுத்திருக்கிறார்கள்.

திருகி இருக்கும் இடமே ஆளைக் கொல்லலாம் என்பதற்குப் பாடகர் ஜான் டென்வரின் மரணம் நேரடிச் சான்று. 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விமானத் தளத்திலிருந்து, தான் புதிதாக வாங்கிய லாங்-ஈஇசட் விமானத்தில் அவர் புறப்பட்டார். பர்ட் ரூட்டன் வடிவமைத்த, வீட்டில் கட்டிக்கொள்ளும் வகை விமானம் அது. மூல வடிவமைப்பில் ஃபியூவல் செலக்டர் விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தார். எந்த நிலை எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பின்புறம் இருந்ததால் முன் இருக்கையிலிருந்து நேரடியாகத் தெரியவில்லை. புறப்படும் முன் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் அவருக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து உதவினார். எரிபொருள் குறைவாக இருந்தும், சிறிது நேரம்தான் பறக்கப்போகிறேன் என்று டென்வர் நிரப்பவில்லை.

கடலோரமாகச் சுமார் 500 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் குறைந்ததை நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தத் திருகியைத் தொட வேண்டுமானால், வலது கையைக் கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி, இடது தோளுக்கு மேல் எட்ட வேண்டும். என்.டி.எஸ்.பி. சோதனை செய்து பார்த்தபோது, அப்படித் திரும்பும் விமானியின் கால் தன்னை அறியாமல் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரடர் மிதியை அழுத்துவது தெரிந்தது. அந்த அசைவால் விமானம் கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்தது என்பது வாரியத்தின் முடிவு. புறப்படும் முன் நிரப்பாதது, திருகியின் இடம், குறியில்லாத குழாய்கள், இந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது ஆகியவற்றையும் காரணங்களாக வாரியம் எழுதியது. டென்வர் புதியவர் அல்ல, 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்.

இதிலிருந்து ஒரு நடைமுறை வேலை உண்டு. புதிய விமானம் எதில் ஏறினாலும், தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஃபியூவல் செலக்டரை எல்லா நிலைக்கும் திருப்பிப் பழக வேண்டும். கை எட்டவில்லை, இறுக்கமாக இருக்கிறது, நிலை புரியவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை புறப்படக் கூடாது.

இன்ஜின் தடுமாறினால்

முதலில் மூக்கைத் தாழ்த்தி மிதக்கும் வேகத்தை, அதாவது இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் போக உதவும் வேகத்தை, பிடிக்க வேண்டும். 172என்னில் அது 65 நாட். அந்த வேகத்தில் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் போகலாம். மேலே பார்த்த எடுத்துக்காட்டில் 6 கடல் மைல் மிச்சம் இருக்கும்போது தரைக்கு மேல் 1,500 அடியில் இருந்தால் ரன்வே எட்டாது என்பது உடனே தெரிந்துவிடும். எட்டாததை நோக்கி இழுத்துக்கொண்டு போய் வேகம் இழந்து விழுவதைவிட, எட்டுகிற வயலில் நேராக இறங்குவது எவ்வளவோ மேல். இடத்தைத் தேர்ந்தெடுத்தபின் காரணம் தேடலாம்: கார்புரேட்டரில் படியும் பனியைக் கரைக்கும் கார்புரேட்டர் ஹீட், செலக்டரை 'இரண்டும்' அல்லது மற்ற டேங்குக்கு, மிக்ஸ்சர் முழுதும் உள்ளே, பம்ப் இருந்தால் அதையும் இயக்கி, இக்னிஷன் சாவி சரியான நிலையில் உள்ளதா என்று பார்ப்பது. டேங்க் மாற்றியதும் உடனே உயிர் வராமல் போகலாம். காலியான குழாய்கள் நிறைய 10 வினாடிகூட ஆகும் என்று பைப்பர் கையேடு எச்சரிக்கிறது. அந்த 10 வினாடியில் பதறி மீண்டும் பழைய டேங்குக்கே திருப்பிவிடுபவர்கள் உண்டு.

121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் மேடே என்ற ஆபத்து அழைப்பு, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசரக் குறியீடு. இன்ஜின் திரும்பாது என்று உறுதியானால் மிக்ஸ்சரை முழுக்க வெளியே இழுத்து, செலக்டரையும் இக்னிஷனையும் மூடி, ஃபிளாப் எனும் இறக்கை மடிப்பை இறக்கிய பின், மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். தரை தொடும் முன் கதவின் தாழை விடுவித்துவிட வேண்டும், மோதி நெளிந்த கதவு திறக்காது. வயலில் கம்பம் தெரிந்தால் கம்பி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே பேசுவதற்கு வழி இருக்கிறது. இனி தாமதம் எதையும் தாங்க முடியாது என்ற நிலையில் கட்டுப்பாட்டு அறையிடம் 'மினிமம் ஃபியூவல்' என்று சொல்லலாம். கடைசிக் கையிருப்பையும் தொட்டுவிட்டுத்தான் இறங்க முடியும் என்று தெரிந்தால் 'மேடே ஃபியூவல்'. இவை சர்வதேச விதியில் இடம்பெற்ற சொற்கள். வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்தவர்களால்தான் பல விபத்துகள் நடந்தன.

பிறகு விசாரணைக்கு வருபவர்கள் எரிபொருள் வாடை இருக்கிறதா, எரிபொருள் சிந்திக் கீழே புல் கருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டேங்க் உடையாமல் இருந்தும் உள்ளே அடியில் தங்கியதைத் தவிர ஒன்றும் இல்லை, புரொப்பெல்லரின் அலகுகளில் சுழன்று மோதிய அடையாளம் இல்லை என்றால், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி, கடைசியாக எங்கே, எத்தனை லிட்டர் நிரப்பினார்கள் என்ற ரசீதில் இருக்கும்.

அந்த ரசீது உயிரோடு இருக்கும்போதும் பயன்படும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் டேங்கை நிரப்பும்போது, 'இவ்வளவு எரிந்திருக்கும்' என்று முன்பே எழுதி வைத்த எண்ணோடு உண்மையில் ஊற்றிய லிட்டரை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து லிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், மிக்ஸ்சர், மூடி, காற்றுக் கணிப்பு, நிரப்பியவரின் 'ஃபுல்' ஆகிய நான்கில் ஒன்று பிழை. எது என்று கண்டுபிடித்த பிறகு அடுத்த பயணத்தின் கணக்கைப் போடுங்கள்.